ஓசை அடங்கிய யந்திரம்

திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் தம் வீட்டு மேஜைக்கென்று ஒரு கணினி வாங்கப் புறப்படும்போது, வேகம் என்ன, ஞாபகசக்தி எவ்வளவு, விலை என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் தவறாமல் கேட்டுவிடுகிறார். வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் உள்ள கடைக்காரர்களும் அவற்றுக்கு விடையை நாக்கு நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால், அந்த யந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் லினக்ஸ் இயங்குதளத்தோடு இணங்கி நடக்குமா என்ற கேள்வியும், அதன் அருகில் அமர்ந்து நாள் முழுவதும் வேலை செய்பவரின் காதுக்கு அது எவ்வளவு அமைதி தரும் என்ற கேள்வியும், பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் பழகிய பிறகுதான் மனத்தில் எழுகின்றன. காலம் கடந்து எழும் அவ்விரு கேள்விகளையும் முன்கூட்டியே எழுப்பி, அவற்றைப் பற்றி நிலவிவரும் அபிப்பிராயங்களைச் சீர்தூக்கி, தாமிரபரணிக் கரையின் வெயிலுக்கும் காற்றுக்கும் மின்சாரத்துக்கும் பொருந்துவது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டவை பழைய ஒலிநாடாக்கள். தென்பாண்டி நாட்டுக் கொடை விழாக்களில் பாடப்பெற்ற வில்லுப்பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கும் வேலை பாளையங்கோட்டையில் புதிதன்று. தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் அத்துறைக்கு நெடுங்காலமாக உழைத்துவந்திருக்கிறது. நான் செய்வது அந்தப் பெரும்பணியின் ஓரத்தில் ஒரு சிறு கைங்கரியம். உடுக்கையும் குடமும் ஜால்ராவும் ஒருசேர முழங்கும்போது, பின்பாட்டுக்காரர் தாழ்ந்த குரலில் விழுங்கிவிடும் ஒரு பெயரைப் பிடிக்க வேண்டுமானால், ஒரே அடியைப் பத்துத் தரம் ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கும். அந்த வேளையில் மேஜையின் கீழிருந்து விடாமல் வந்துகொண்டிருந்த கேபினெட்டின் இரைச்சல், பாடகரின் குரல் உலவும் அதே தாழ்ந்த ஸ்தாயியில் வந்து படிந்து, சொல்லை மூடிவிடும். ஹெட்போன் போட்டாலும் அது முழுவதும் தீரவில்லை. அன்று தொடங்கிய விசாரணை, இணக்கம் வேறு, நிசப்தம் வேறு என்று நான் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றிவிட்டது. தன் உஷ்ணத்தைத் தானே அறிந்து, அதை இயங்குதளத்துக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த யந்திரமே அடங்கி இருக்கிறது. சொல்லத் தெரியாத யந்திரம் அஞ்சி அஞ்சி விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதே நான் கண்ட முடிவு.

வழிகாட்டிய முயற்சிகள்

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஃபின்லாந்து தேசத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் பொழுதுபோக்காக அறிவித்த லினக்ஸ், நம் பக்கத்துக்கு வந்துசேர்ந்த பாதையில் மூன்று மைல்கற்கள் குறிப்பிடத்தக்கவை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையின் அந்தப் பக்கம் இறங்கினால், கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் கைட் என்று பெயர் பெற்ற திட்டத்தின்கீழ், பிள்ளைகள் தம் பாடங்களை லினக்ஸிலேயே படிக்கிறார்கள். மலையின் இந்தப் பக்கம், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006, 2007 ஆண்டுகளை ஒட்டித் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே காலத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம், விண்டோஸோடு கூடவே நம் கிராமத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

இம்முயற்சிகளால் லினக்ஸ் எவ்வளவு பரவிற்று என்பதைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆயிரக்கணக்கில் யந்திரங்களை வாங்கும் ஒரு ஸ்தாபனம், தன் கொள்முதல் நிபந்தனையிலேயே லினக்ஸில் ஓடியாக வேண்டும் என்று கேட்கும் பலம் உடையது. அந்தப் பலத்தின் முன் விற்பவர்கள் பொருத்தமான உறுப்புகளைத் தேடிக்கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பெட்டி வாங்க வரும் ஆசிரியருக்கோ, ஜாப் டைப்பிங் செய்பவருக்கோ, ஓய்வுபெற்ற தாசில்தாருக்கோ அந்தப் பலம் இல்லை. அவர்களுக்கு உள்ள ஆயுதம் விஷய ஞானம் ஒன்றே.

இணக்கம் என்பது யாது?

இயங்குதளம் ஒரு யந்திர உறுப்போடு பேசுவதற்கு டிரைவர் என்னும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். விண்டோஸ் உலகத்தில் பெரும்பாலும் உறுப்பைச் செய்பவரே அந்த மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பிவைக்கிறார். லினக்ஸ் உலகத்திலோ அவர் கெர்னல் என்னும் கருவுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பது மரபு. கெர்னலுக்குள் குடிபுகுந்த டிரைவர், அதைச் செய்த கம்பெனி மறந்துவிட்டாலும், பல தேசத்து நிரலாளர்களால் பேணப்பட்டு, பதிப்புக்குப் பதிப்பு உடன் வந்துகொண்டே இருக்கும். வெளியே நிற்கும் டிரைவரோ, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்டப்பட வேண்டியதாகி, ஒருநாள் கட்டமுடியாமலே போய்விடும். ஆகவே ஓர் உறுப்பு லினக்ஸில் ஓடுமா என்று கேட்பதைக் காட்டிலும், அதன் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா என்று கேட்பதே சரியான கேள்வி.

கிராபிக்ஸ் விஷயத்தில் இந்த உண்மை தெளிவாகப் புலப்படும். இன்டெல் பிராசசருக்குள்ளேயே அடங்கிய கிராபிக்ஸுக்கு உரிய ஐ915 டிரைவர் நெடுங்காலமாகக் கெர்னலின் அங்கம்; ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு 2015-இல் 4.2 பதிப்பில் சேர்ந்தது. என்விடியாவின் கதை வேறு. அதன் சொந்த டிரைவர் மூடிய பொருளாக வெளியே நின்றது. 2012-இல் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் அந்த நிறுவனத்தைப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டது பிரசித்தம். தன்னார்வலர்கள் எழுதிய நூவோ டிரைவர், 900 வரிசைக் கார்டுகள் முதற்கொண்டு, நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற ஃபர்ம்வேர் என்னும் உள்நிரல் இன்றிக் கார்டின் வேகத்தையும் விசிறியையும் உரிய முறையில் ஆளமுடியாத நிலைக்கு உள்ளாயிற்று. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியை, டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிற்பட்டவற்றுக்கும், திறந்த மூலமாக வெளியிட்ட பின்னர் நிலைமை திருந்திவருகிறது. எனினும் இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்கத்தக்கது, டிரைவரின் குறை கடைசியில் விசிறியின் சத்தமாக வந்து முடிந்தது என்பதே. எழுத்து வேலை, கணக்கு, படம் பார்த்தல், சாதாரண ஒலித்தொகுப்பு இவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டியதில்லை. பிராசசரோடு வருவதே போதும். ஒரு விசிறி குறைந்தது; ஒரு சந்தேகமும் தீர்ந்தது.

படம் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுருக்கப்பட்ட காட்சியை விரிக்கும் வேலையை அதற்கென்றே அமைந்த மின்சுற்று செய்தால் யந்திரம் குளிர்ந்திருக்கும். டிரைவர் சரியில்லாமல் அந்த வேலை பிராசசரின் தலையில் விழுந்தால் உஷ்ணம் ஏறும், விசிறி சீறும்.

வைஃபையைப் பொறுத்தமட்டில், இன்டெல்லின் சில்லுகளும் பழைய அத்தீரோஸ் சில்லுகளும் நம்பத்தக்கவை. மலிவாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. குச்சிகளில் ஓர் அபாயம் இருக்கிறது. ஒரே பெயரும் ஒரே அட்டைப்பெட்டியும் கொண்ட குச்சியில் இந்த வருஷம் ஒரு சில்லும் அடுத்த வருஷம் வேறொரு சில்லும் இருக்கும். நண்பருக்கு ஓடியது நமக்கு ஓடாது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12, தேவையான மூடிய ஃபர்ம்வேர்களையும் தன் நிறுவல் வட்டிலேயே சேர்த்துக்கொண்டதால், முன்பு புதியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஒரு தடை நீங்கியிருக்கிறது. மேஜை நகராதது, ஆகையால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிட்டால் இந்தச் சர்ச்சையே வேண்டியதில்லை.

பிரிண்டரை நம் ஊரில் தனியாகப் பேசியே ஆகவேண்டும். ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் எங்கும் காணப்படும் கேனன் எல்.பி.பி. 2900, கேப்ட் என்னும் தன் சொந்த மொழியிலேயே பேசுவது. லினக்ஸில் அதை ஓட்டுவது பொறுமையைச் சோதிக்கும் காரியம். ஹெச்பி லேசர்ஜெட் 1020, மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு தரமும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரைப் பெற்றுக்கொண்ட பின்னரே விழிப்பது. ஹெச்பிலிப் என்னும் அந்நிறுவனத்தின் மென்பொருள் அதைக் கவனித்துக்கொள்கிறது. தனி டிரைவரே வேண்டாமல் பொதுமொழியில் பேசும் நெட்வொர்க் பிரிண்டர்கள் இப்போது பெருகிவிட்டன. புதிதாக வாங்குபவர் அவற்றையே வாங்குவது உத்தமம்.

இணக்கத்தில் முழுமதிப்பெண் பெற்றும் நிசப்தத்தில் தோற்கும் பொருளுக்கு உதாரணம் வேண்டுமானால், நம் பாங்குகளிலும் அலுவலகங்களிலும் தட்டச்சுக்காரர்களின் அபிமானத்தைப் பெற்ற டிவிஎஸ் கோல்டு விசைப்பலகையைச் சொல்லலாம். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பெயரால் விளங்கும் குழுமத்திலிருந்து வந்த அந்தப் பலகை, எந்த டிரைவரும் கேளாமல் எந்த லினக்ஸிலும் ஓடும், பல்லாண்டு உழைக்கும், ஆனால் அதன் ஒவ்வொரு விசையும் அழுத்தும்போது டிக் என்று அறைந்து சொல்லும். பகலில் தமிழ்99 முறையில் வேகமாக அடிப்பதற்கு அதைவிட இனிய பலகையை நான் அறியேன். இரவில், பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது, அதை எடுத்து வைத்துவிட்டு ரப்பர் மெத்தை கொண்ட சாதாரணப் பலகையை மாட்டிக்கொள்கிறேன்.

ஓசையின் பிறப்பிடங்கள்

கணினியின் ஓசை நான்கு இடங்களில் பிறக்கிறது: விசிறி, ஹார்ட் டிஸ்க், மின்சுருள், தகரம். மின்சுருளைப் பின்னர் மின்சாரத்தோடு சேர்த்துப் பார்ப்போம். மற்றவற்றுள் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்தபின் அது மேஜையை விட்டு விலகிவிட்டது. பெரிய ஒலிக்கோப்புகளைச் சேமித்துவைக்க ஹார்ட் டிஸ்க் தேவையானால், அதை வேறு அறையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

விசிறியின் கணிதம் மிக உபயோகமானது. சுழலும் வேகம் பாதியானால் தள்ளும் காற்றும் பாதியாகிறது. ஆனால் ஓசையோ சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடுகிறது. 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். இரண்டு ஒத்த விசிறிகளைச் சேர்த்து ஓட்டினால் ஏறுவது 3 டெசிபெல் மாத்திரமே. ஆகவே நிமிஷத்துக்கு 1200 சுற்றுச் சுழலும் ஒரு விசிறிக்குப் பதிலாக 600 சுற்றில் இரண்டை வைத்தால், ஏறக்குறைய அதே காற்றைப் பெற்று, ஓசையில் 12 டெசிபெல்லை மிச்சம் பிடிக்கலாம். சிறிய விசிறியைக் காட்டிலும் 120, 140 மில்லிமீட்டர் விசிறிகள் மேலானவை என்பதற்கும் இதுவே காரணம்; பெரிய இதழ்கள் மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளிவிடுகின்றன. ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா விசிறிகள் இவ்விஷயத்தில் புகழ்பெற்றவை. விலை குறைந்த ஆர்க்டிக் விசிறிகளும் பெரும்பாலோர் தேவைக்குப் போதுமானவை.

விசிறியை மெதுவாக ஓட்ட முடியுமா என்பது மதர்போர்டைப் பொறுத்தது. இங்கேதான் இணக்கமும் நிசப்தமும் கைகோக்கின்றன. நான்கு கம்பி விசிறி, போர்டு அனுப்பும் துடிப்புக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். மூன்று கம்பி விசிறிக்கு மின்னழுத்தத்தையே குறைத்தாக வேண்டும். போர்டில் வெப்பத்தையும் சுற்றையும் அளக்கும் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அது நுவோட்டான் சில்லானால் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளிருக்கும் டிரைவர் அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஐடிஇ நிறுவனத்தின் புதிய சில்லுகள் சிலவற்றுக்கு வெளியிலிருந்து டிரைவர் கொண்டுவர நேரும். அடையாளம் கண்டுகொண்டுவிட்டால், லினக்ஸின் சென்சார்ஸ் கட்டளை ஒவ்வொரு பாகத்தின் வெப்பத்தையும் வரிசையாக எழுதிக் காட்டும். ஃபேன்கன்ட்ரோல் என்னும் சிறு நிரல், இத்தனை பாகைக்கு இத்தனை சுற்று என்று நாம் விதித்தபடி நடத்தும். கண்டுகொள்ளாவிட்டால், பயோஸில் உள்ள விசிறி அட்டவணையே கதி. அதுவும் நல்லதாக அமைந்த போர்டுகள் உண்டு. வாங்குமுன் விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தகரத்தின் ஓசைக்கு நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தைக் காட்டிலும் தெளிவான பாடம் கிடைக்காது. ஒரே கல்லில் குடைந்தெடுத்த அந்தச் சிறு தூண்கள், பருமனும் நீளமும் வேறுபடுவதால், தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்வரத்தைத் தருகின்றன. திடப்பொருள் எதற்கும் தான் அதிர விரும்பும் ஒரு சுருதி உண்டு என்பது அங்கே சங்கீதமாகிறது. மெல்லிய தகரத்தாலான மலிவான கேபினெட்டில் அதுவே ரீங்காரமாகிறது. விசிறியின் சுழற்சி அந்தச் சுருதியைத் தொட்டவுடன் பக்கத் தகடு பாடத் தொடங்கிவிடும். தகட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் தகட்டினுடையது, விசிறியினுடையதன்று. கனத்த தகடுள்ள கேபினெட்டும், விசிறிகளுக்கு ரப்பர் ஆணியும் இதற்குப் பரிகாரம்.

வெயிலின் கணக்கு

நிசப்தக் கணினியைப் பற்றி வெளிநாட்டார் எழுதியவற்றில் பெரும்பகுதி நமக்கு அப்படியே பொருந்தாமற்போவதற்கு ஒரே காரணம் சீதோஷ்ணம். அவர்கள் அளவெடுக்கும் அறையின் வெப்பம் 20 முதல் 25 பாகைக்குள் அடங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் பாளையங்கோட்டையின் வெயில் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம், ஏ.சி. இல்லாத மச்சு அறையில் பிற்பகல் முழுவதும் 36 பாகைக்குக் குறையாது. ஹீட்சிங்க் என்பது பிராசசரை அறையின் வெப்பத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவர வல்லதேயன்றி, அதற்குக் கீழே கொண்டுபோக வல்லதன்று.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 65 வாட் உஷ்ணத்தை வெளியேற்றும்போது அறையைக் காட்டிலும் 40 பாகை கூடுதலாக நிற்கும் ஒரு ஹீட்சிங்க் இருக்கிறது என்று கொண்டால், 22 பாகை அறையில் பிராசசர் 62-இல் நிற்கும். விசிறி மெல்லச் சுழலும். அதே பெட்டி நம் 36 பாகை அறைக்கு வந்தால் 76-ஐ எட்டும். விசிறி விரைந்தாக வேண்டும். ஆனால் அதே ஹீட்சிங்க்கின் கீழ் 35 வாட் பிராசசரை வைத்தால், கூடுவது 22 பாகை அளவே. நம் அறையிலும் 58 பாகையோடு நின்றுவிடும். அதாவது, குளிர்தேசத்தார் தம் தட்பவெப்பத்தால் இலவசமாகப் பெறும் 14 பாகையை, நாம் 30 வாட்டைத் துறப்பதன் மூலம் திரும்பப் பெறுகிறோம், அதற்கு மேலும் சிறிது லாபமும் அடைகிறோம். பெரிய ஹீட்சிங்க் வாங்குவதைக் காட்டிலும் சிறிய பசியுள்ள பிராசசரை வாங்குவதே நம் மண்ணுக்கு உகந்த சிக்கனம்.

மின்சாரமும் தூசியும் பிராணிகளும்

பாபநாசத்தில் நீர்மின்சாரம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பிப் பணகுடி, வள்ளியூர் வரை நிற்கும் காற்றாலைகள், கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் என்று இன்று மின்சாரத்துக்குப் பிறந்தகமாக விளங்கும் இந்தப் பிரதேசமே, 2012-இல் நாளின் பெரும்பகுதியை மின்வெட்டில் கழித்தது. அப்போது வீடுதோறும் புகுந்த இன்வெர்ட்டர் இன்றும் இருக்கிறது. அவற்றுள் விலை குறைந்தவை தரும் மின்சாரம் சீரான அலையாக இராமல் படிப்படியான சதுர அலையாக இருக்கும், கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.களில் சில அதில் ஓடும்போது உறுமுகின்றன, சில அணைந்தே போகின்றன. மின்சுருளின் கிரீச்சொலியும் இத்துடன் சேர்ந்தால் எவ்வளவு நல்ல விசிறியும் பயன்படாது. ஆகவே இன்வெர்ட்டர் வாங்கும்போதே சைன் அலை தருவதைப் பார்த்து வாங்க வேண்டும். யு.பி.எஸ். தனியே வாங்குபவர், யு.எஸ்.பி. துவாரம் உள்ளதை வாங்கினால், நட் என்னும் லினக்ஸ் மென்பொருள் பாட்டரியின் நிலையை அறிந்து, தீரும் தறுவாயில் கணினியை ஒழுங்காக அணைத்துவிடும்.

ஆனி, ஆடி மாதங்களில் பொதிகைச் சாரலை முன்னிட்டுக்கொண்டு வீசும் மேல்காற்று, குற்றாலத்தில் குளிர்ச்சியாகவும் ஊர்ப்புறத்தில் செம்மண் தூசியாகவும் வந்து சேர்கிறது. அந்தத் தூசி ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்துவிட்டால், சென்ற தையில் மௌனமாயிருந்த யந்திரம் இந்த ஆவணியில் இரைகிறது. வடிகட்டி வலையுள்ள கேபினெட்டும், வருஷத்துக்கு இருமுறை பிளோயர் கொண்டு ஊதுவதும் அவசியம். ஒருமுறை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வந்த டர் டர் என்ற சத்தத்துக்குக் காரணம் தேடி என் பழைய பெட்டியைத் திறந்தபோது, விசிறியின் கம்பி வலைக்குள் உலர்ந்து சருகாகிப்போன ஒரு பல்லியைக் கண்டேன்; அதன் வால் நுனி ஒவ்வொரு சுற்றிலும் இதழில் பட்டுக்கொண்டிருந்தது. கதகதப்பை நாடி உள்ளே வரும் பல்லிக்கும் எறும்புக்கும் பின்புறத்தில் மூடாமல் விட்ட ஓர் இடுக்கே ராஜபாட்டை. அன்றுமுதல் பயன்படாத துவாரம் ஒவ்வொன்றுக்கும் தகடு போட்டு மூடிவிடுகிறேன்.

நான்கு மார்க்கங்கள்

மேலே சொன்னவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு பார்த்தால், நிசப்த லினக்ஸ் கணினியை நாடுவோர் நான்கு மார்க்கங்களில் செல்வதைக் காணலாம்.

முதலாவது, விசிறியே வேண்டாம் என்பவர்களின் மார்க்கம். 2023-இல் வந்த இன்டெல் என்100, 6 வாட் என்று குறிக்கப்படும் சிறு பிராசசர். விசிறியில்லாத ஹீட்சிங்க்கோடு மதர்போர்டிலேயே பொருத்தி விற்கப்படுகிறது. லாப்டாப்புக்கு உள்ளது போன்ற வெளி அடாப்டரில் ஓடும் போர்டானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறியும் இல்லை. எழுத்துக்கும் இணையத்துக்கும் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவதற்கும் இது தாராளமாகப் போதும். நம் கோடையில் அதற்கு வேண்டியது ஒன்றே: காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் அதை அடைத்துவைக்கக் கூடாது. வீட்டு மின்விசிறியின் காற்று படும் இடத்தில் வைத்தால் அதுவே அதற்கு விசிறி.

இரண்டாவது, பெரிய விசிறியை மெதுவாக ஓட்டும் மார்க்கம். படத்தொகுப்பு, பெரிய நிரலாக்கம் போன்ற கனத்த வேலை உடையவர்களுக்கு இதுவே வழி. ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் அடங்கிய 65 வாட் பிராசசரை எடுத்துக்கொண்டு, பயோஸில் 45 வாட்டுக்கு அடக்கி, 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள ஹீட்சிங்க்கை மாட்டினால், வேகத்தில் சிறிதே இழந்து அமைதியில் பெரிதும் பெறலாம்.

மூன்றாவது, கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த சிறு பெட்டிகளை வாங்கும் மார்க்கம். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி ஆகியவை சென்னை ரிச்சி ஸ்டிரீட்டிலிருந்து நம் ஊர்க் கடைகள் வரை பழைய பெட்டிகளாகக் கிடைக்கின்றன. இவற்றில் பலவும் பெயரிறுதியில் டி எழுத்துள்ள 35 வாட் இன்டெல் பிராசசர்களைக் கொண்டவை. சந்தைக்கு வந்து சில வருஷங்கள் ஆனவையாதலால் அவற்றின் உறுப்புகள் அனைத்துக்கும் கெர்னலுக்குள் டிரைவர் வந்துசேர்ந்திருக்கும். புத்தம்புதிய பெட்டிக்கு அந்த உறுதி இல்லை. குறை, உள்ளிருக்கும் விசிறி சிறியது. சும்மா இருக்கும்போது கேளாது, பாரம் ஏறினால் கீச்சுக்குரலில் கத்தும்.

நான்காவது, யந்திரத்தை வேறு அறையில் வைத்துவிட்டு மானிட்டரையும் விசைப்பலகையையும் மாத்திரம் மேஜைக்குக் கொண்டுவரும் மார்க்கம். சுவர் கடந்து நீண்ட கேபிள்களை இழுக்க வசதியுள்ளவர்களுக்கு அது நல்லதே. வாடகை வீட்டில் இருப்போருக்கு உதவாது.

என் தீர்ப்பைச் சொல்வதானால், நம் பிரதேசத்தில் எழுத்து, படிப்பு, அலுவலகக் காரியம் என்ற அளவில் நிற்பவர்களுக்கு முதலாவதும் மூன்றாவதுமே சிறந்தவை. கையில் உள்ள பணம் குறைவானால் மூன்றாவது, காது கூர்மையானால் முதலாவது. இரண்டாவதை, தம் வேலை அதைக் கேட்கிறது என்று நிச்சயமாக அறிந்தவர் மாத்திரம் நாட வேண்டும். தேவைக்கு மேற்பட்ட சக்தி, நம் வெயிலில் தேவைக்கு மேற்பட்ட சத்தமாகவே பலிக்கிறது.

கடையிலேயே ஒரு பரீட்சை

பெரிய ஸ்தாபனங்கள் கொள்முதல் நிபந்தனையாக எழுதுவதைத் தனி மனிதர் ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம் என்பதே இந்த ஆராய்ச்சியின் நடைமுறைப் பலன். டெபியனையோ உபுண்டுவையோ லைவ் முறையில் ஓடும்படி அதில் பதிந்துகொண்டால், பெட்டிக்குள் எதையும் நிறுவாமலே பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். நான் பழைய சிறு பெட்டி ஒன்று வாங்கப் போனபோது கடைக்காரரிடம், "அண்ணாச்சி, ஒரு தரம் போட்டுக் காட்டுங்க, இந்தப் பென்டிரைவுல பாத்துட்டு எடுத்துக்கிடுதேன்" என்றேன். "விண்டோஸ் போட்டே தாரேன் சார், அது என்னத்துக்கு?" என்று கேட்டார். "எனக்கு லினக்ஸ்தான் வேணும் அண்ணாச்சி. வைஃபை எடுக்கா, சத்தம் எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்று சொன்னதும், "பாத்துக்கிடுங்க, கடை ஃபேனை வேணா அமத்திருதேன்" என்று எழுந்துபோய்ச் சுவிட்சை அமர்த்தினார். அந்த மே மாதத்து மத்தியானத்தில் அவர் செய்த உபகாரத்தை நான் மறக்கவில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தில் செய்ய வேண்டியவை இவை. வைஃபை, லேன், ஒலி மூன்றும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். தூங்கவிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும், சில பெட்டிகள் தூங்கியபின் எழுவதில்லை. ஒரு படத்தை ஓடவிட்டு, பிராசசரின் உழைப்பு எவ்வளவு ஏறுகிறது என்று கவனிக்க வேண்டும். சென்சார்ஸ் கட்டளை வெப்பத்தையும் விசிறியின் சுற்றையும் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசியாக, கேபினெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் பேசாமல் கேட்க வேண்டும். தேய்ந்த பேரிங் உள்ள விசிறி காதுக்கு எட்டுமுன்னே கைக்கு எட்டிவிடும்.

அவ்விதம் சோதித்துக் கொண்டுவந்த பெட்டி இப்போது என் மேஜைமேலேயே இருக்கிறது. சென்ற மார்கழியில், வீட்டு மின்விசிறிக்கும் வேலையில்லாத ஒரு பின்னிரவில், முன்பு கைவிட்ட ஓர் ஒலிநாடாவை மறுபடி ஓடவிட்டேன். என் குறிப்பேட்டில், பின்பாட்டுக்காரர் சொல்லும் ஒரு சாமியின் பெயர் விளங்காமல், வெறும் புள்ளிகளாக நான் விட்டுவைத்திருந்த இடம் அதில் இருந்தது. மூன்றாவது தரம் கேட்டபோது, குடத்தின் முழக்கத்துக்கும் ஜால்ராவுக்கும் நடுவிலிருந்து அந்தப் பெயர் எழுத்தெழுத்தாகக் காதில் விழுந்தது. புள்ளிகளை அழித்துவிட்டுப் பலவேசக்காரன் என்று எழுதினேன்.